அக்கா மகனும் பாதி விலை டப்பாவும்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் எழுத உட்காரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பையனுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பஞ்சாயத்தே அதைப் பற்றித்தான்.

அக்கா மகன் பாக்ஸிங் போகிறான் இல்லையா, அவனுக்கு ஜிம்மில் ஒருவர் பாதி விலையில் ஒரு டப்பா கொடுத்திருக்கிறார், வெளிநாட்டுச் சரக்காம், பில் கிடையாது. மூன்றே வாரத்தில் தோள் புடைத்தது, முதுகெல்லாம் பரு, அம்மாவிடமே எரிந்து விழுகிறான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈரல் அளவுகள் ஏறிக் கிடந்தன. நிறுத்தியதும் இறங்கிவிட்டன. தசையை ஊதவைக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும் என்பது என் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. ஆனால் இதோடு போட்டிக்குப் போய், ஊக்கமருந்து சோதிக்கிற தேசிய அமைப்பான ‘நாடா’வின் ஆட்கள் சிறுநீர் எடுத்து, அதில் ஸ்டீராய்டு தெரிந்திருந்தால்? தெரியாமல் குடித்தேன் என்று அழுதாலும் உடம்பில் இருப்பதற்கு வீரன்தான் பொறுப்பு, 4 ஆண்டு வரை தடை.

இதைக் கேள். நம் தெரு காயலான் கடைக்காரர் சொல்கிறார், மூடியும் கரண்டியும் சேதமில்லாத பெரிய காலி டப்பாவுக்குத் தனி விலையாம்! அதில் எதை நிரப்பி, புது சீல் ஒட்டி விற்பார்களோ. இப்போதெல்லாம் லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் போடுகிறேன்.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், இருக்கிறதே என்பாய். அந்த 14 இலக்கமும் கம்பெனிக்கு உரிமம் உண்டு என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே இருப்பதைச் சோதித்தார்கள் என்று அல்ல. போலி அடிக்கிறவனுக்கு அதையும் அச்சடிக்கத் தெரியாதா? புரத அளவிலும் தில்லுமுல்லு உண்டு, வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்துதான் கணக்குப் போடுகிறது, கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் அதுவும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் தடை செய்த மருந்து கலந்திருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்கிற இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை உள்ளதை பில்லோடு வாங்கு, டப்பாவின் பேட்ச் எண் அவர்கள் தளத்தில் இருக்கிறதா என்று பார். அப்போதும் நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. எங்கள் பையன் இப்போது தினம் நாலு முட்டை, சோயா, காசிமேட்டு மீன் என்று இருக்கிறான். நாலு முட்டையிலேயே 24 கிராம் புரதம், அந்த டப்பா ஒரு கரண்டிக்குச் சொன்ன அளவு. அக்காதான் மீன் விலையைச் சொல்லிப் புலம்புகிறாள்.

அப்புறம், உன் பையன் ஏற்கெனவே ஏதாவது வாங்கி வைத்திருந்தால் பிரிக்க வேண்டாம், பேட்ச் எண் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்