கையெழுத்து வாங்கும் தளங்கள் கைபேசி எண் கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்றாலே வங்கி, செல்பேசி நிறுவனம், ஆதார் என்றுதான் பேச்சு போகிறது. ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்தும், ஆலைக் கழிவை எதிர்த்தும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகவும் இணையத்தில் கையெழுத்துத் திரட்டும் மக்கள் அமைப்புகளின் தளங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அங்கே சேரும் தகவல் ஒரு வகையில் வங்கியிடம் இருப்பதைவிட ஆபத்தானது. பெயர், எண், ஊர் ஆகியவற்றோடு, அந்த மனிதர் எதை எதிர்க்கிறார் என்பதும் அதே வரியில் பதிவாகிவிடுகிறது. கூடங்குளம் போராட்டத்தின்போது பெயரே குறிப்பிடாமல் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவானதைத் தமிழகம் அறியும். அப்படிப்பட்ட வழக்கில் பெயர்களை நிரப்பப் பயன்படக்கூடிய பட்டியல், ஓர் அமைப்பின் கூகுள் ஷீட்டில் திறந்து கிடக்கலாகாது.

சட்டம் இதற்குத் தனிக் காப்பு தரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள் கடவுச்சொல், நிதி விவரம், உடல்நலம், பாலியல் நாட்டம், கைரேகை போன்றவற்றை 'உணர்திறன் மிக்க தகவல்' என்றன. அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வகைப்பாட்டையே வைத்துக்கொள்ளவில்லை. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியச் சட்டமோ அரசியல் கருத்து, மத நம்பிக்கை, தொழிற்சங்க உறுப்பினர் என்ற விவரம் ஆகியவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. இங்கே அந்தப் பொறுப்பை அமைப்புகளே ஏற்றாக வேண்டும்.

முதலில் படிவத்தைப் பார்ப்போம். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு என்றால் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், முழு முகவரி, வயது எனக் கேட்கிறார்கள்; சிலர் வாக்காளர் அட்டை எண்ணையும் கேட்கிறார்கள். மனுவுக்கு உண்மையில் தேவை பெயரும் ஊரும்தான். எந்தப் பகுதி மக்கள் கையெழுத்திட்டார்கள் என்று காட்டப் பின்கோடு போதும். ஒருவரே பத்து முறை கையெழுத்திடுவதைத் தடுக்க மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பலாம். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குக் காகிதம் இருக்கவே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகம் காகித மனுவைத்தான் வாங்குகிறது. ஆனால் நிரப்பிய தாள்களைப் படமெடுத்து, "இன்றைய கையெழுத்துகள்" என்று வாட்ஸ்ஆப் குழுவில் போடும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். அந்தப் படத்தில் ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் தெளிவாகவே தெரியும்.

கைபேசி எண் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்? நம் நாட்டில் எண் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரிதான். சிம் கார்டே அடையாள ஆவணத்தின் பேரில்தான் தரப்படுகிறது. யு.பி.ஐ. செயலியில் எண்ணைத் தட்டினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வருகிறது. வாட்ஸ்ஆப்பில் சேமித்தால் பெரும்பாலும் முகமும் தெரிகிறது. மனுவில் கையெழுத்திட்டவர்களைக் கேட்காமலே வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் எண்ணும் தெரியும். அறிவிப்பு அனுப்புவதுதான் நோக்கம் என்றால் வாட்ஸ்ஆப் சேனல் போதும். அதில் பின்தொடர்பவர்களின் எண் பிற பின்தொடர்பவர்களுக்குத் தெரிவதில்லை. மின்னஞ்சலிலும் இதே கதைதான். எல்லா முகவரிகளையும் 'டு' கட்டத்தில் போட்டு ஒரே நேரத்தில் அனுப்பினால், பட்டியலையே ஊருக்கு விநியோகித்ததாக ஆகிவிடும். பெறுபவர்களின் முகவரியை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைக்கும் 'பி.சி.சி.' கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது.

எதையும் சேமிக்காமலே ஓர் இயக்கத்தை நடத்த முடியும். 2015இல் இணையச் சமநிலைக்காகவும் (எல்லா இணையச் சேவைகளையும் நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்பது), 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எதிர்த்தும் மக்கள் மின்னஞ்சல் அனுப்பியது நினைவிருக்கும். தளத்தில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தால் போதும். அழுத்தினால் பார்வையாளரின் சொந்த மின்னஞ்சல் செயலி, முகவரியும் வாசகமும் நிரப்பப்பட்டுத் திறக்கும். கடிதம் அவர் பெட்டியிலிருந்து நேரே போகிறது. அமைப்பின் கையில் பெயர்ப் பட்டியல் என்று எதுவும் சேராது. 2020 ஜூலையில் அந்த வரைவை எதிர்த்த மூன்று அமைப்புகளின் தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்கு டெல்லி காவல்துறை அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாதத்துக்கு எதிரான உபா சட்டத்தின் பிரிவுகூட இடம்பெற்று, பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஒரே இரவில் நிலைமை அப்படி மாறக்கூடும் என்று எண்ணித்தான் ஒவ்வொரு கட்டத்தையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். கையில் இல்லாத பட்டியலை யாரும் கேட்டு வாங்க முடியாது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. 2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனக்கு வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு தன் தளத்தில் வெளியிட்டது. அதனால், "உங்கள் பெயரையும் முகவரியையும் அரசு வெளியிடக்கூடும்" என்ற ஒரு வரி பொத்தானுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம் பயன்படுத்தும் அமைப்புகளுக்குச் சில குறிப்புகள். படிவத்தின் 'செட்டிங்ஸ்' பகுதியில் முடிவுகளின் தொகுப்பைப் பதிலளித்தவர்களுக்குக் காட்டும் ஒரு விருப்பம் உள்ளது. அது திறந்திருந்தால் கையெழுத்திட்ட எவரும் பிறர் எழுதியதைப் படிக்கலாம். பதில்கள் போய்ச் சேரும் ஷீட்டில் 'லிங்க் உள்ள எவரும்' என்ற பகிர்வு முறையை ஒருபோதும் வைக்கக் கூடாது. 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றி, தேவைப்படும் இரண்டு மூன்று பேரை மட்டும் அவரவர் மின்னஞ்சலால் சேர்க்க வேண்டும். தன்னார்வலர் விலகும் நாளிலேயே அவர் பெயரையும் நீக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஷீட்டின் உரிமையாளரே ஒரு கல்லூரி மாணவரின் சொந்தக் கணக்காக இருக்கும். அவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் பட்டியல் அவர் கணக்கிலேயே கிடக்கும்.

அழிக்கும்போது நடக்கும் தவறு இதைவிடப் பெரிது. ஷீட்டில் வரிகளை நீக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பழைய பதிப்புகள் ஷீட்டின் வரலாற்றில் அப்படியே இருக்கும். படிவமும் பதில்களின் இன்னொரு பிரதியைத் தனியே வைத்திருக்கும். படிவத்தின் பதில்களை அழித்து, ஷீட் கோப்பையே நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் அழிந்ததாகப் பொருள். அப்போதும், தன்னார்வலர்கள் கைபேசியில் இறக்கி வைத்த எக்செல் பிரதிகள் மிஞ்சும். ஆகவே யார் இறக்கினார்கள் என்று எழுதி வையுங்கள், கேட்டு அழிக்க அதுதான் வழி.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளங்களில் தொல்லை வேறு விதம். தொடர்புப் படிவம் மின்னஞ்சலாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, செருகுநிரல் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் 'பிளகின்') ஒவ்வொரு பதிவையும் தரவுத்தளத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கும். 2018இல் வெளிவந்த 4.9.6 பதிப்பு முதல் கருவிகள் பட்டியலில் தனிநபர் தரவை அழிக்கும் வசதி இருக்கிறது; ஆனால் அதற்கேற்ப எழுதப்படாத செருகுநிரல்களின் பதிவுகளை அது தொடாது. படிவம் வழியே வாங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் படமும், தளத்தின் பேக்கப் கோப்பும், முகவரியை ஊகித்தாலே திறக்கும் பொதுக் கோப்புறையில் கிடப்பது உண்டு. கூகுளில் தங்கள் தள முகவரிக்குள் எக்செல், பி.டி.எஃப். கோப்புகளை மட்டும் தேடிப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் நிலைமை தெரியும்.

விளம்பரத்துக்காக மெட்டா பிக்சலை, அதாவது ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பார்வையாளர் கண்காணிப்பு நிரலை, தளத்தில் பதிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யார் எந்த மனுப் பக்கத்தைத் திறந்தார் என்பது அந்த நிறுவனத்துக்குப் போகிறது. தானியங்கிப் பொருத்தும் வசதி திறந்திருந்தால், படிவத்தில் தட்டிய எண்ணும் மின்னஞ்சலும் 'ஹாஷ்' செய்யப்பட்டு, அதாவது கணித முறையில் வேறொரு குறியீட்டு வரிசையாக மாற்றப்பட்டு, போகின்றன. ஹாஷ் செய்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது தவறு. இந்தியக் கைபேசி எண் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். அத்தனையையும் கணக்கிட்டு ஒப்பிட ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் அட்டைக்கு அதிக நேரம் ஆகாது. மனுப் பக்கத்தில் பிக்சல் கூடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நன்கொடை விஷயம் வேறு. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வேண்டுவோரின் பான் எண்ணை வாங்கி, வருமான வரித்துறைக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். அந்தப் பட்டியலை மனுப் பட்டியலோடு ஒரே கோப்பில் வைக்காமல் இருந்தால் போதும்.

மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் முதல் கட்டாயம். பதிவு செய்யப்படாத சிறு குழுக்களும் இதற்குள் அடக்கம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான விவரம் தர வேண்டும். தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயது நிரம்பாதவரிடம் தகவல் வாங்கப் பெற்றோரின் சரிபார்த்த ஒப்புதல் தேவை. பள்ளி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கும் சூழல் இயக்கங்கள் இதை மறக்கக் கூடாது. விதிகளில் எங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு: தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு கேட்டால் தருவதற்கான ஏற்பாடு அது. மனு கொடுத்த மறுவாரமே அழிக்கும் வழி இதனால் அடைபடுகிறது. எஞ்சியிருக்கும் ஒரே காப்பு, தொடக்கத்திலேயே குறைவாக வாங்குவதுதான்.

அறிவிப்பு வாசகமும் திருந்த வேண்டும். பல தளங்களில் அமெரிக்க மாதிரியை அப்படியே ஒட்டி, கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் தரும் உரிமைகளைத் தமிழ்நாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது நம் சட்டம். இவ்வளவு எழுதினால் போதும்: "உங்கள் பெயரும் பின்கோடும் இந்த மனுவோடு ஆட்சியரிடம் தரப்படும். மின்னஞ்சல் முகவரி, கையெழுத்தை உறுதி செய்ய மட்டுமே. வேறு யாருக்கும் தர மாட்டோம். சட்டம் கேட்கும் காலம் முடிந்ததும் அனைத்தும் அழிக்கப்படும். கையெழுத்தைத் திரும்பப் பெற இந்தப் பொத்தானை அழுத்துங்கள்." ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஆறாம் பிரிவு. அலுவலகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்வது செல்லாது.

தங்கள் நாளிதழ் இத்தகைய மனுக்களின் க்யூ.ஆர். குறியீட்டைச் செய்தியோடு வெளியிடும்போது, படிவம் கைபேசி எண்ணைக் கேட்கிறதா, எப்போது அழிப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் அமைப்பிடம் கேட்டுவிட்டு வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மக்கள் அமைப்புகளின் இணையதளங்களைப் பராமரிப்போர் சிலர்,
மதுரை