கல்லில் வெட்டாமல் விட்ட வார்த்தைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ஜெர்மன் எல்லையை ஒட்டிய பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பூர்க் பற்றிய பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் மகள் குடும்பம் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மாதமாவது நானும் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறேன். பேராலயத்தைப் பற்றியும் வாய்க்கால் ஓரத்து மரச்சட்ட வீடுகளைப் பற்றியும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் குடியரசுச் சதுக்கத்தில் உள்ள சிலையின் படத்துக்குக் கீழே, "பிரான்ஸ் நாட்டுக்காக உயிர்நீத்த வீரர்களின் நினைவுச் சின்னம்" என்று அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. அந்தக் கல்லில் அப்படி எழுதவில்லை. எழுதக் கூடாது என்று முடிவுசெய்தே எழுதாமல் விட்டார்கள்.

பிரான்சில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் போர் நினைவுக் கல் ஒன்று இருக்கும். பெரும்பாலானவற்றில் 'பிரான்சுக்காக இறந்தவர்கள்' என்றோ, அதை ஒட்டியோதான் வாசகம் இருக்கும். எங்கள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நினைவுச் சின்னத்திலும் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய்த் 'தாய்நாட்டுக்காக' மாண்டவர்களுக்கு என்றுதான் பொறித்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் கட்டுரையாளரும் எழுதியிருப்பார். ஸ்ட்ராஸ்பூர்க் கல்லில் இருப்பது "எங்கள் இறந்தோருக்கு" என்பது மட்டும். எந்த நாட்டுக்காக என்று இல்லை.

சிலையை அருகில் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் சாகும் தறுவாயில் இரண்டு மகன்கள். இருவர் உடம்பிலும் துணியில்லை. சீருடை இருந்தால் எந்தப் படை என்று தெரிந்துவிடும் அல்லவா? ஒருவன் பிரான்சின் பக்கம் சாய்ந்திருக்கிறான், மற்றவன் ஜெர்மனியின் பக்கம். உயிர் போகும் நேரத்தில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. த்ரிவியே என்ற சிற்பி செய்த இந்தச் சிலையை 1936இல் குடியரசுத் தலைவர் லெப்ரன் திறந்துவைத்தார். முதன்முறை பார்த்தபோது நான் அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் ஒருத்தி, செத்த பிள்ளைகள் இருவர், படைகள் இரண்டு. இதைப் 'பிரெஞ்சு வீரர்கள்' என்று சொன்னால் ஒரு பிள்ளையை அவள் மடியிலிருந்து இறக்கிவிட்டதாக ஆகாதா?

நகரின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சிலை விளங்காது. ஜெர்மானியப் பேரரசுக்குள் தனி உரிமையுடன் இருந்த அந்த ஊரை 1681இல் பதினான்காம் லூயி பிடித்துக்கொண்டார். மக்கள் வீட்டில் பேசியது ஜெர்மானிய மொழியின் ஒரு வட்டார வழக்கு, மனத்தளவில் மெல்ல மெல்லப் பிரான்சோடு ஒட்டிப்போனார்கள். பிரான்சின் தேசிய கீதமே 1792இல் இந்த ஊரில்தான் பிறந்தது.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. அந்த ஆகஸ்டில் ஜெர்மானிய ஜெனரல் வெர்டரின் படை ஊரை வளைத்துக்கொண்டு குண்டு பொழிந்தது. ஆகஸ்ட் 24ஆம் தேதி இரவு நூலகம் தீப்பிடித்தது. ஹெராட் என்ற மடத்துத் தலைவி 12ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய, முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் கொண்ட கையெழுத்துச் சுவடி அதில் சாம்பலாயிற்று. முன்பே யாரோ பார்த்து வரைந்துவைத்த நகல்களால்தான் அது எப்படி இருந்தது என்பது இன்றைக்குத் தெரிகிறது. அடுத்து பேராலயத்தின் கூரையும் எரிந்தது. தம் இனத்து மக்களை மீட்க வந்ததாகச் சொன்ன படை, அந்த மக்களின் தலையிலேயே குண்டு போட்டது. செப்டம்பர் 28 அன்று நகரம் சரணடைந்தது.

ஒரே மொழி பேசுவதால், ஸ்ட்ராஸ்பூர்க் அடங்கிய அல்சாஸ் பகுதி எங்களுடையது என்று ஜெர்மானிய அறிஞர் மாம்சென் வாதிட்டார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் பேராசிரியராக இருந்த ஃபுஸ்தெல் த கூலாஞ் அதே ஆண்டு அவருக்குப் பதில் எழுதினார். மொழியோ இனமோ ஒரு நாட்டை உண்டாக்குவதில்லை. நாங்கள் ஒரே மக்கள் என்று அவரவர் உள்ளத்தில் உணர்வதே நாடு என்பது அவருடைய வாதம். அல்சாஸ் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1871 மே மாதம் பிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையில் கையெழுத்தானது, நிலம் ஜெர்மனிக்குக் கைமாறியது.

கட்டுரையில் 1871 முதல் 1918 வரையிலான காலத்தையும் 1940 முதல் 1944 வரையிலான காலத்தையும் சேர்த்து 'ஜெர்மானிய ஆக்கிரமிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. முதலாவது, உடன்படிக்கை போட்டு எழுதிவாங்கியது. ராணுவத்தின் கை ஓங்கியிருந்த ஆட்சிதான், ஐயமில்லை. ஊரைச் சுற்றிக் கோட்டைகளாகக் கட்டினார்கள். 1913இல் பக்கத்துச் சாவெர்ன் ஊரில் ஓர் இளம் அதிகாரி உள்ளூர் மக்களை இழிசொல்லால் ஏசப்போய்ப் பெரிய கலவரமாகி, ஜெர்மானிய நாடாளுமன்றமே தன் அரசின் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. ஆனால் அதே ஆட்சிதான் பல்கலைக்கழகத்தைப் புதிதாக மறுபடி நிறுவியது. எரிந்த நூலகத்துக்காக ஊர் ஊராகப் புத்தகம் கேட்டு வாங்கிச் சேர்த்து, இன்று அந்தச் சதுக்கத்தில் நிற்கும் பெரிய நூலகத்தைக் கட்டியது. எதிரே கைசர் எனப்பட்ட ஜெர்மானியப் பேரரசரின் அரண்மனை. பழைய மாகாண சட்டமன்றக் கட்டடத்தில் இப்போது நாடக அரங்கு நடக்கிறது. அந்தச் சதுக்கத்துக்கே அப்போது கைசர் சதுக்கம் என்றுதான் பெயர். என் மருமகன் வாங்கும் மருத்துவக் காப்பீடு பிரான்சின் மற்ற பகுதிகளில் இருப்பதைவிடத் தாராளமானது. அதன் வேரும் அந்த ஜெர்மானியக் காலத்துச் சட்டங்களில்தான் இருக்கிறது. பிரான்சின் பெரும்பாலான பகுதிகளில் இல்லாதபடி, புனித வெள்ளியும் டிசம்பர் 26ஆம் தேதியும் அங்கே விடுமுறை.

முதல் உலகப் போரில் அல்சாஸ், அதன் பக்கத்து லொரேன் பகுதிகளிலிருந்து சுமார் 3,80,000 பேர் ஜெர்மானியச் சீருடையில் போருக்குப் போனார்கள். அன்றைக்கு அவர்கள் சட்டப்படி ஜெர்மானியக் குடிமக்கள். எல்லை தாண்டிப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. 1918 நவம்பரில் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. அதன் பிறகு பெற்றோர் எங்கே பிறந்தவர்கள் என்று பார்த்து ஆளுக்கு ஏ, பி, சி, டி என்று அட்டை கொடுத்தார்கள். டி அட்டை என்றால் ஜெர்மானியர். அவர்களில் பலர் கையில் கிடைத்த மூட்டையோடு ரைன் நதிப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் கூடவே போனார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1940 வேறு கதை. எந்த உடன்படிக்கையும் இல்லாமல் நாஜிகள் அல்சாஸை விழுங்கினார்கள். பிரெஞ்சு பேசத் தடை. பிரெஞ்சுத் தொப்பி போடத் தடை. ஆட்களின் பெயரையே ஜெர்மானியப் பெயராக மாற்றினார்கள். அந்த ஊரில் பிறந்த பிரெஞ்சுத் தளபதி கிளேபரின் சிலை அகற்றப்பட்டது. 1942 ஆகஸ்ட் 25இல் கட்டாய ராணுவச் சேவை ஆணை வந்தது. அல்சாஸிலும் பக்கத்து மோசெல் பகுதியிலும் ஏறத்தாழ 1,30,000 இளைஞர்களைப் பிடித்துப் போனார்கள். தப்பி ஓடினால் குடும்பத்தையே நாடுகடத்தினார்கள். 'மால்க்ரே நூ' என்று இவர்களைச் சொல்வார்கள். 'எங்கள் விருப்பத்துக்கு மாறாக' என்று பொருள். பெரும்பாலோரை ரஷ்ய முனைக்கு அனுப்பினார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. சோவியத் சிறையிலிருந்து கடைசி ஆள் வந்து சேர்ந்தது 1955இல்.

உங்கள் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரே வரி: 'ஹிட்லர் படையில் சேர்ந்த அல்சாஸ்காரர்களும் உண்டு.' தாமாகப் போய்ச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 'சேர்ந்த' என்ற சொல் பிடித்துக்கொண்டு போகப்பட்டவனுக்குப் பொருந்தாது. பிரான்சிலேயே இந்தச் சொல்லுக்காகப் பெரிய சண்டை நடந்தது. 1944 ஜூன் 10 அன்று பிரான்சின் ஓரதூர் கிராமத்தில் அறுநூற்றுக்கும் அதிகமானவர்களைக் கொன்ற, நாஜிகளின் எஸ்.எஸ். படைப்பிரிவில் அப்படிப் பிடித்துப் போகப்பட்ட அல்சாஸ் இளைஞர்களும் இருந்தார்கள். 1953இல் போர்தோ நகர நீதிமன்றம் அப்படிப் பிடித்துப் போகப்பட்டவர்களில் 13 பேருக்குத் தண்டனை விதித்ததும் அல்சாஸ் கொதித்தது. சில நாளிலேயே நாடாளுமன்றம் மன்னிப்புச் சட்டம் கொண்டுவர, ஓரதூர் மக்கள் நொந்துபோனார்கள். அங்கே கொல்லப்பட்டவர்களில் அல்சாஸிலிருந்து அகதியாகப் போனவர்களும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனாலேயே அந்த ஒரு வரியை நீங்களும் அப்படியே விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இடம் இல்லை என்றால் விளக்கமெல்லாம் வேண்டாம். அதே படத்தை இன்னொரு முறை அச்சிட்டு, கல்லில் இருப்பதை மட்டும் கீழே போடுங்கள்: "எங்கள் இறந்தோருக்கு."

தங்கள் நெடுநாள் வாசகன்,
புதுச்சேரி