'மற்ற பிள்ளைகளுக்கு' எது போதும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் கல்வி இணைப்பில், வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் கட்டுரை வந்திருந்தது. மீத்திறன் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுங்கள், மற்ற பிள்ளைகளுக்கு ஒழுங்கும் பயிற்சியும் போதும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. எழுதியவர் ஆலோசகர், படித்தவர். நான் கும்பகோணம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் 'மற்ற பிள்ளைகள்' என்கிறாரே, அவர்களோடுதான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று என்பதால் எழுதுகிறேன்.

மீத்திறன் மாணவர், மெல்லக் கற்கும் மாணவர் என்று பள்ளிகளில் பட்டியல் போடுவது தங்களுக்குத் தெரியும். பாடம் நடத்த வசதி என்று போடுகிறார்கள், சரி. அதை வகுப்பில் சத்தமாக வாசிப்பது எதற்கு?

இரண்டாவது பட்டியலில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைத் தொழிலாளி. 'உங்கள் ஊரை வரையுங்கள்' என்றேன். வகுப்பே இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று வரைந்தது. காவிரிப் படுகையில் மலை எங்கே இருக்கிறது? இந்தப் பையன் மட்டும் உலைக்கு முன்னால் குந்தியிருக்கும் ஆட்களின் முதுகுகளையும் சுவரில் விழுந்த அவர்கள் நிழலையும் வரைந்திருந்தான். ஒருவருக்கும் முகம் இல்லை. கேட்டதற்கு, "நான் ஓரமா உட்கார்ந்திருப்பேன் சார், அங்கேருந்து முதுகுதான் தெரியும்" என்றான். அப்பாவிடம் பேசினேன். அச்சுக்கு வைத்திருக்கும் வண்டல் மண்ணில் மிஞ்சுவதைப் பையன் எடுத்து எதையாவது செய்வானாம், கெடுப்பானாம், அவர் ஒன்றும் சொல்லமாட்டாராம். இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி போதும் என்று அந்த அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது?

அதே வகுப்பில் எல்லாப் பரீட்சையிலும் முதலாக வரும் பெண் ஒருத்தி. மணி அடிக்கும்வரை வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எது கரெக்ட்னு சொல்லுங்க சார், அதையே வரையறேன்." கற்பனை இல்லாத பெண்ணா? அவள் கணக்கு ரஃப் நோட்டைப் பார்த்தேன், ஓரமெல்லாம் குட்டிக் குட்டி முகங்கள். தப்பாகப் போய்விடுமோ என்ற பயம்தான் கையைக் கட்டியிருந்தது. பொதுத்தேர்வு முடியும்வரை ஓவிய நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாக மறுவருஷம் அவள் அம்மா பெருமையோடு சொன்னார். ஆக, மீத்திறன் என்று பேர் வாங்கிய பிள்ளைக்கும் அந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை.

கட்டுரையாளர் ஆராய்ச்சி என்று அடிக்கடி சொல்வதால் நானும் சொல்கிறேன். 1921இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனை வைத்துச் சலித்து, சுமார் 1,500 பேரை மேதைகள் என்று பொறுக்கி எடுத்தார். ஆயுள் முழுக்க அவர்களைத் தொடர்ந்தார்கள். பொறுக்கியவர்களில் ஒருவர்கூட நோபல் வாங்கவில்லை. சோதனையில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லி 1956இலும், லூயி ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் ஊர்க் கல்லூரி கணக்கைத் தவிர மற்ற பாடத்தில் தேறவில்லை என்று ராமானுஜனின் உதவித்தொகையை நிறுத்திய கதை தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மற்ற பிள்ளைகளை ஊக்கப்படுத்தப் பரிசு அறிவியுங்கள், செல்போன் வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள் என்றும் கட்டுரை சொல்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மூவரும் ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையச் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசு பேசப்பட்ட குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகிவிட்டது. என் மேசைக்கு வந்து "சார், இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்ட பிள்ளைகள் ஒவ்வொருவரும் என் நினைவுக்கு வருகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஓவியப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது கேட்பதற்குக்கூட யாரும் வரமாட்டார்கள்.

அப்புறம் அரசு. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததைத் தங்கள் நாளிதழும் படம் போட்டது. படைப்பாற்றல் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அதைச் சொல்லிக்கொடுப்பவரை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

2017இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே நிறுத்தியது. பிள்ளைகளின் மனது நோகக் கூடாது என்றுதான். ஆனால் தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் பேனர் நிற்கவில்லை, தங்கள் பக்கங்களில் அந்தப் பள்ளிகளின் முழுப்பக்க விளம்பரமும் நிற்கவில்லை. அதில் முகம் இல்லாத பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் காலையில் தங்கள் நாளிதழைத்தான் பிரிக்கிறார்கள். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு முன்பு அரைப்பக்கம் இருந்தது. இப்போது அங்கே நீட் மாதிரி வினாக்கள் வருகின்றன. முன்பே இது பற்றி எழுதினேன், பதில் இல்லை. அரைப்பக்கம் முடியாவிட்டால் கால் பக்கமாவது அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் மட்டும் போடுங்கள். வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்பதைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.