உடைந்த டபுள் பாஸுக்கு விலை சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரணிலிருந்தோ தேவாலயத்துச் சாமான் அறையிலிருந்தோ ஆளுயர வயலின் ஒன்று தூசியோடு வெளியே வந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு "முந்நூறு ஆண்டுப் பழமை, கோடிக்கணக்கில் விலை போகும்" என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். அந்த வாத்தியத்தின் பெயர் டபுள் பாஸ். கோடம்பாக்கத்துப் பாட்டுப் பதிவுகளில் வயலின் வரிசைக்குப் பின்னால் நின்றபடி அடிநாதம் கொடுத்தது இதுதான். கீபோர்டும் எலக்ட்ரிக் பாஸும் வந்த பிறகு பல மூலைக்குப் போய்விட்டன. தந்தி வாத்தியங்களைப் பழுது பார்க்கும் எங்களிடம் கழுத்து ஒடிந்தும் முகம் வெடித்தும் வரும் பாஸ்களோடு கூடவே வரும் முதல் கேள்வி, "இது எவ்வளவு போகும்?" இன்னதென்று தெரியாத ஒன்றுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது. ஆகவே முதலில் அதை அடையாளம் காண்பது எப்படி என்று சொல்லிவிடுகிறோம்.

லேபிளிலிருந்தே தொடங்கலாம், ஏமாறுவது அங்கேதான். ஸ்ட்ராடிவாரி முதலான இத்தாலியக் கலைஞர்களின் பெயர் போட்ட லேபிள்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கட்டுக்கட்டாக அச்சாகி, ஜெர்மனியின் மார்க்நோய்கிர்ஹென், மிட்டன்வால்ட், பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) ஷோன்பாக் போன்ற ஊர்களின் பட்டறைகளில் ஒட்டப்பட்டன. எல்லாவற்றையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. 'இன்னாருடைய மாதிரியில் செய்தது' என்பதுதான் அன்றைய வியாபாரத்தில் அதற்குப் பொருள். ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தார். அவர் செய்த வயலின்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. டபுள் பாஸ் ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆக, ஒரு பாஸில் அவர் பெயரைக் கண்டால் அது பட்டறைச் சரக்கு என்று தயங்காமல் சொல்லலாம்.

லேபிளில் நம்பக்கூடியது நாட்டின் பெயர். 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் 1887-க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் போட வைத்த பிரிட்டிஷ் வணிகக் குறிச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. 'செக்கோஸ்லோவாகியா' என்றால் 1918-க்கும் 1992-க்கும் இடைப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் பெயர் இருந்தால் 1949–1990. இவற்றைவிட நம்பகமானது, முன்பு எப்போதோ பழுது பார்த்தவர் உள்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிவைத்த தேதி. விற்பவர் கண்ணுக்கே படாத இடத்தில் பொய் எழுத யாருக்கும் அவசியம் இருக்காது.

அடுத்து, பிளைவுட்டா, குடைந்த மரமா? விலையில் பாதி இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். முகப்பலகையில் இருக்கும் எஃப் வடிவத் துளையின் வெட்டு விளிம்பில் கைப்பேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். கட்டை மரத்தில் குடைந்த ஸ்ப்ரூஸ் பலகையானால் மேலே ஓடும் ரேகை அந்த விளிம்பில் இறங்கி உள்பக்கத்திலும் தொடரும். பிளைவுட்டில் மூன்றோ ஐந்தோ அடுக்கு குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். விளிம்பில் கருப்பு மை பூசி மறைத்திருந்தால் முதுகுப் பலகைக்குப் போங்கள். மேப்பிள் மரத்தின் புலிவரி வெளியே எங்கே ஓடுகிறதோ உள்ளேயும் அதே இடத்தில் ஓட வேண்டும். உள்ளே வெறும் பலகையாக இருந்தால் அது மேலே ஒட்டிய தோல்தான். உடைந்த வாத்தியமாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: உடைந்த இடமே சாட்சி சொல்லும். குடைந்த பலகை ரேகையோடு நேர்க்கோட்டில் வெடிக்கும். பிளைவுட் இடிபட்ட இடத்தில் சிம்பு சிம்பாகச் சிதறும், இல்லையென்றால் விளிம்பில் அப்பளம்போல் அடுக்கு உப்பிப் பிரியும். முகம் குடைந்த மரமும் முதுகும் பக்கமும் பிளைவுட்டுமாகச் செய்த கலப்பு பாஸ்களும் உண்டு என்பதால் மூன்றையும் தனித்தனியே பார்த்துவிட வேண்டும்.

பிளைவுட் என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிகாகோவின் கே நிறுவனம் 1930-களின் பிற்பகுதியிலிருந்து செய்த பிளைவுட் பாஸ்களை ஜாஸ், புளூகிராஸ் இசை வாசிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். எஃப் துளை வழியாக உள்ளே வரிசை எண் தெரிகிறதா என்று பாருங்கள். எண்ணை வைத்து ஏறத்தாழ எந்த ஆண்டு என்று சொல்லிவிட முடியும்.

குடைந்த மரமாக இருந்தால், பெரும்பாலும் அது மார்க்நோய்கிர்ஹென், ஷோன்பாக் வட்டாரத்தில் ஏற்றுமதிக்காகச் செய்த சரக்காக இருக்கும். பாஸைத் தரையில் ஊன்றி நிறுத்தும் அடிக்கம்பியான எண்ட் பின்னைக் கழற்றி அந்தத் துளை வழியாகவும், பல் வைத்தியர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டும் பாருங்கள். (தந்திகளை முழுக்கத் தளர்த்திய பிறகுதான் எண்ட் பின்னில் கை வைக்க வேண்டும்.) பக்கப் பட்டைகள் சேரும் நான்கு மூலைகளிலும் உள்ளே மரக்கட்டை இல்லாமல் பட்டைகளே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், முகப்பலகையின் அடியில் நீளவாக்கில் ஓடும் பாஸ் பார் தனியாக ஒட்டப்படாமல் அதே பலகையிலிருந்து செதுக்கி விடப்பட்டிருந்தால், உளித்தடம் அப்படியே கரடாக இருந்தால், அது விரைவு வேலை. ஒலி மோசம் என்று அர்த்தமில்லை. நன்றாகப் பாடும் மலிவான பாஸ்கள் இந்த வகையில் நிறைய உண்டு. நேர்த்தியான கையாக இருந்தால் மூலைக்கட்டைகள் சீராகவும், பாஸ் பார் தனி மரமாகவும், உட்புறம் இழைத்து வழவழப்பாகவும் இருக்கும்.

உண்மையிலேயே பழையது என்பதற்குத் தலைப்பக்கம்தான் ஆதாரம். பிரடை முறுக்கும் பெட்டியின் கன்னத்தில் மெல்லிய சாய்வுக் கோடு தெரிந்தால், பழைய சுருள் தலையை வைத்துக்கொண்டு புதுக் கழுத்து ஒட்டியிருக்கிறார்கள். செலவு செய்து காப்பாற்றும் அளவுக்கு மதித்த வாத்தியத்துக்குத்தான் பெரும்பாலும் அதைச் செய்வார்கள். பெட்டியில் அடைத்த துளைகள் இருந்தால் இன்னும் சுவாரசியம்: 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் மூன்று தந்தி பாஸ்களே பெருவழக்கு, பின்னால் நான்காக மாற்றும்போது பழைய பிரடைத் துளைகளை அடைத்தார்கள். தேய்மானம் இருக்கும் இடமும் பேசும். வாசிப்பவரின் இடக்கை தாண்டிப் போகும் ஜி தந்திப் (நான்கில் மிக மெல்லியது) பக்கத்துத் தோளிலும், வயிற்றில் சாயும் முதுகின் மேல் விளிம்பிலும் வார்னிஷ் போயிருந்தால் அது நிஜத் தேய்மானம். கை எட்டாத இடத்திலும் ஒரே சீராகக் கருத்துத் தேய்ந்திருந்தால் பட்டறையிலேயே பழசாக்கியிருக்கிறார்கள். விரல் பதிக்கும் ஃபிங்கர் போர்டு கருங்காலியா, சாயம் பூசிய வெள்ளை மரமா என்பதையும் அதன் அடிப்பக்க முனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு பற்றிக் குழப்பம் வேண்டாம். 'முக்கால்' என்பது குழந்தைகளுக்கானது அல்ல. பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவே அதுதான். அதன் தந்தி நீளம், கழுத்தின் மேல் முனையில் தந்தி படியும் நட்டிலிருந்து முகப்பலகை மேல் தந்தியைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வரை, 104 முதல் 106 செ.மீ. சுமார் 110 செ.மீ. இருந்தால் முழு அளவு. அதை வாங்க ஆள் குறைவு.

இனி சேதாரம். விளிம்பு ஒட்டு விட்டிருப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள்தான் அதிகம். அது நல்ல சேதி. ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசையால் ஒட்டுவதே, மரம் வெடிக்குமுன் பசை விட்டுக்கொடுக்கட்டும் என்பதற்காகத்தான். மழைக்காலத்து ஈரத்தில் ஊறிப் பின் ஏசி அறையில் காய்ந்து சுருங்கும்போது ஒட்டு திறந்துகொண்டால் முகப்பலகை தப்பித்தது என்று பொருள். சில மணி நேர வேலை. ரேகையோடு ஓடும் முகப்பலகை விரிசலும் பாஸில் சகஜம். உள்ளே சிறு மரத்துண்டுகள் வைத்து ஒட்டினால் பல்லாண்டு தாங்கும். வயலினில் இதே விரிசல் விலையைக் கவிழ்த்துவிடும், பாஸ் வாங்குபவர்கள் அந்த அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. பிரிட்ஜின் ஜி தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுக் கீழே, உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி தொடும் இடத்தில் விரிசல் இருந்தால் அது தானாக நீளும். நான்கு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 110, 120 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாக அந்த ஒரு குச்சியின் தலையில் இறங்குகிறது. முகப்பலகையைக் கழற்றி, அந்த இடத்தைக் கிண்ணம்போல் குழித்து, புது மரத்தை அச்சாகப் பொருத்தி ஒட்ட வேண்டும். அதே விரிசல் முதுகில் இருந்தால் இன்னும் மோசம். பாஸ் பார் ஓடும் கோட்டில் வந்த விரிசலும் இதே ரகம். ஈ தந்திப் (மிகத் தடித்தது) பக்கம் முகம் குழிந்து ஜி பக்கம் உப்பியிருந்தால் பாஸ் பார் விட்டிருக்கிறது, அல்லது வலுவிழந்திருக்கிறது. கழுத்து அடியோடு ஒடிவது கீழே விழுந்ததால். வெறுமே ஒட்டினால் மறுபடி அதே இடத்தில் ஒடியும். உள்ளே கடின மரத்தண்டு செருக வேண்டும், இல்லையேல் புதுக் கழுத்து போட வேண்டும்.

நம் ஊரில் கூடுதலாக உளு. வாத்தியத்தைக் கருப்புக் காகிதத்தின் மேல் கிடத்தி இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். வெளிர் பொடி புதிதாக விழுந்திருந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது; மற்ற வாத்தியங்களிடமிருந்து அன்றே பிரித்துவிடுங்கள். பழைய துளைகளில் ஊசி ஆழமாக இறங்கினால் பலகை உள்ளே கூடு.

விற்பதற்கு முன் 'கொஞ்சம் சரிபண்ணி' வைக்கலாம் என்று நினைப்பவர்கள் விலையில் பாதியை அந்த ஒரு நாளில் இழக்கிறார்கள். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை பாரத்தில் மெல்ல நழுவும், மர நாரில் ஊறிவிடும், அதன் மேல் பிறகு வச்சிரம் பிடிக்காது. எபாக்ஸி போட்ட விரிசலைத் திறக்க மரத்தையே வெட்ட வேண்டும். ஆணியும் திருகும் புது விரிசலுக்கு அழைப்பு. ஸ்பிரிட், தின்னர் பட்டால் பழைய வார்னிஷ் கரைந்தே போகும். பாலிஷும் வேண்டாம். ஈரம் பிழிந்த பருத்தித் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சவுண்ட் போஸ்ட் உள்ளே விழுந்து உருண்டால் உடனே தந்திகளைத் தளர்த்துங்கள். அது நிற்காதபோது தந்தி இழுத்துக்கொண்டிருந்தால் முகம் உள்வாங்கிவிடும். உதிர்ந்த சிம்பு எவ்வளவு சிறியதானாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். புது மரத்தைவிட அதன் சொந்தத் துண்டுதான் தடம் தெரியாமல் பொருந்தும்.

விலைக் கணக்கு ஒன்றும் சிதம்பர ரகசியமில்லை. இதே ரக பாஸ் நல்ல நிலையில் என்ன விலைக்கு விற்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழித்து, 'பழுது பார்த்த பாஸ்' என்பதற்காக வாங்குபவர் கேட்கும் தள்ளுபடியையும், திறந்த பிறகு புதுச் சேதாரம் தெரியவரும் அபாயத்துக்கு ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு எடுத்துக்காட்டு: நல்ல நிலையில் 4 லட்சம் பெறுவதற்குப் பழுது 1.5 லட்சம், தள்ளுபடி 60 ஆயிரம், அபாயத்துக்கு 40 ஆயிரம் என்றால் இன்றைய நிலையில் அது 1.5 லட்சம். 80 ஆயிரம் பெறும் பிளைவுட் பாஸுக்கும் கழுத்து மாற்றும் கூலி ஏறத்தாழ விலை உயர்ந்த பாஸுக்கு ஆகும் அதே கூலிதான். அதனால்தான் அதைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது. காப்பீட்டுக்கு எழுதும் தொகை, கடை விலை, ஏலத்தில் கிடைப்பது மூன்றும் வெவ்வேறு எண்கள். எந்த எண் வேண்டும் என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். மதிப்பிடுபவருக்குக் கட்டணம் கொடுத்துவிடுங்கள், அவரிடமே விற்காதீர்கள்.

பையில் கிடக்கும் வில்லை மறந்துவிடாதீர்கள். பிடிக்கு மேலே குச்சியில் முத்திரை இருந்து, பொருத்து வெள்ளியாகவும் இருந்தால் சில வேளை பாஸைவிட வில்லுக்கு மதிப்பு அதிகம். அதில் யானைத் தந்தம் இருந்தால் நம் நாட்டில் அதை விற்பது குற்றம். நூறு ஆண்டு தாண்டியதாகச் சொல்லப்படும் பாஸை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் சிக்காமலிருக்க, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகவே வாங்கிவிடுவது நல்லது. விற்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர் இங்கே மாட்டிக்கொள்வார்!

நேரில் காட்ட முடியாதவர்கள் படம் அனுப்பலாம்: முழு முகம், முழு முதுகு, பக்கம், சுருள் தலையின் இரு கன்னங்கள், கழுத்து உடம்பில் சேரும் இடம், எண்ட் பின் பகுதி, ஒவ்வொரு விரிசலும் ஓர் அளவுகோலோடு. ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு வாத்தியம் செய்தியில் வரும்போது, லேபிளின் படத்துக்குப் பக்கத்தில் எஃப் துளை விளிம்பின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தந்தி வாத்தியம் பழுது பார்ப்போர் சிலர்,
சென்னை