நன்றி நவில்கின்றோம்: மயிலிட்டி அம்மம்மாவின் பேரால் ஒரு மடல்

அன்புடையீர்,

எங்கள் குடும்பத்தின் மூத்தவரும், எங்களுக்கு அம்மம்மாவும், ஊருக்கு ஆச்சியுமாக வாழ்ந்தவர் இறைபதம் அடைந்து, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் கீரிமலைக் கடற்கரையில் நிறைவேறி, வீட்டுக்கிருத்தியமும் முடிந்துள்ள இவ்வேளையில், எங்களைத் தனித்துவிடாமல் கூட நின்ற உங்கள் எல்லோருக்கும் இம்மடலை எழுதுகிறோம். வழக்கமாக இவ்விடத்தில் "நேரில் வந்தும், தொலைபேசி வழியாகவும், மலர்வளையம் சாத்தியும், பதாகை கட்டியும் அனுதாபம் தெரிவித்த அனைவருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது உண்டு. அம்மம்மாவுக்கு அந்த வரி பிடிக்காது. எந்த வீட்டு அந்தியேட்டிக்குப் போய்வந்தாலும் அங்கே கொடுத்த நினைவு மலரைக் கையோடு கொண்டுவந்து, தேவாரங்களையும் புலம்பற் பாக்களையும் தாண்டிக் கடைசிப் பக்கத்து நன்றியுரையை மட்டும் எங்களில் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்பார். கேட்டு முடித்ததும், "பாடை கட்டினது ஆரெண்டு இல்லையே, தேத்தண்ணி ஊத்தினது ஆரெண்டு இல்லையே" என்று குறைப்படுவார். ஆகவே இம்மடல் சற்று நீளும். பெயரைப் போடவேண்டாம் என்று உங்களிற் பலர் கேட்டுக்கொண்டபடியால் பெயர்களை விட்டு, செய்த வேலைகளை எழுதுகிறோம். வேலையைச் சொன்னாலே ஆள் யாரென்பது ஊருக்கு விளங்கும்.

அவர் படுக்கையில் இருந்த மாதங்களில் காலையில் தவறாமல் வந்து, உடல் துடைத்து, முதுகில் புண் பிடிக்காதவாறு புரட்டிப் படுக்கவைத்து, கால்களுக்கு நல்லெண்ணெய் பூசிவிட்ட பின்வளவுச் சகோதரிக்கே எங்கள் முதல் நன்றி உரியது. கூலி என்று எதை நீட்டினாலும் அவர் வாங்கியதில்லை. மூச்சு முட்டிய இரவில், ஒழுங்கைக்குள் வண்டி திரும்ப இடமில்லாதபோது தள்ளுபடுக்கையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிவந்த 1990 என்ற தொலைபேசி இலக்கத்து நோயாளர் காவு வண்டிப் பணியாளர்களையும், அவரைப் பராமரித்த மருத்துவர்களையும் தாதியர்களையும் நன்றியுடன் நினைக்கிறோம். அந்த இலவசச் சேவையின் இலக்கமும் நாங்கள் ஊரைவிட்டு எழும்பிய ஆண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் முதன்முறை அதைக் கேள்விப்பட்டபோது, "அந்த வரியத்தை மறக்க விடமாட்டாங்கள் போல" என்று அம்மம்மா சிரித்தது எங்களுக்கு நினைவிருக்கிறது.

அவர் கண்மூடிய மறுநாள் எங்கள் கரையிலிருந்து ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகவில்லை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைந்து கிடந்த பங்குனி மாதத்தில், எரிபொருளுக்கும் வலைக்கும் பட்ட கடன் அப்படியே இருக்க, ஒருநாள் தொழிலை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்கே தெரியும். கடற்றொழிலாளர் சங்கத்தாரும் மரணாதாரச் சங்கத்தாரும் யாரும் கேட்கும் முன்பே பந்தல் போட்டுக் கதிரைகளை இறக்கிவிட்டார்கள். மரண வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால், முன்வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் முறைவைத்துச் சமைத்து, வந்தவர்கள் பசியோடு திரும்பாமல் பார்த்துக்கொண்டார்கள். பன்னாங்கு இழைத்தவர்கள், பாடை கட்டியவர்கள், சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணத்தை ஓரடியும் விடாமல் பாடிய பெரியவர், நெய்ப்பந்தம் பிடித்த சின்னப்பிள்ளைகளின் கையில் சூடு படாமல் அருகில் நின்று பார்த்துக்கொண்டவர், சுடலையில் இரவு வரை இருந்து அடுத்த நாள் சாம்பல் அள்ளும் காடாற்றுக்கும் வந்தவர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி. பறை முழக்கிய கலைஞர்களையும், வெள்ளை கட்டியவர்களையும், முடிதிருத்தும் சகோதரரையும் இவ்விடத்தில் சேர்த்தே எழுதுகிறோம். அவர்கள் இல்லாமல் இங்கு எந்தச் சாவும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதில்லை. நன்றியுரைகளில் மட்டும் அவர்களுக்கு இடம் கொடாத வழக்கம் எங்களுக்கு உடன்பாடானதன்று.

வரமுடியாமல் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்த இரண்டு பிள்ளைகளுக்காக, வாய்க்கரிசி போடுவது முதல் படலை தாண்டும் வரை கைபேசியைத் தாழ்த்தாமல் ஏந்திக்கொண்டு நின்ற தம்பிக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கையில் அழாமல் நிற்பதும் ஒரு வேலைதான். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு அம்மம்மாவுக்குப் பிடித்த உணவுகளைப் படைக்க வேண்டும் என்றதும், நண்டும் இறாலும் மீன்தலையும் கரையிலிருந்து வந்தன. பயற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் தோட்டக்காரர் வீடுகளிலிருந்து வந்தன. ஒடியல் மாவை ஊறவைத்துக் கயர்ப்பு நீக்கி, பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் அளவாகச் சேர்த்து, பெரிய கிடாரத்தில் கூழ் காய்ச்சி முடிக்கும் வரை இரண்டு மாமிமார் அடுப்படியை விட்டு அசையவில்லை. அம்மம்மா இருந்திருந்தால் புளி காணாது என்றிருப்பார். அவர் யாருடைய கூழையும் முழுதாக ஒப்புக்கொண்டதில்லை.

இனி, இந்த ஒரு மாதத்துக்கு முந்திய கடன்களுக்கு வருகிறோம். அவற்றை எழுதாமல் இம்மடலை முடித்தால் அது அரைகுறையாகவே இருக்கும்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போரினால், யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள மயிலிட்டியை விட்டு வெளியேறும் வரை, அம்மம்மா துறையில் மீன் எடுத்து, கீறி, உப்பிட்டு, மணலில் காயவைத்த கருவாட்டைக் கடகத்தில் சுமந்து சுன்னாகம் சந்தைக்கும் அதைச் சூழ்ந்த செம்மண் ஊர்களுக்கும் கொண்டுபோய் விற்றவர். வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கும் வீடுகளில் காசு கிடைப்பது விளைச்சல் விற்ற பிறகுதான். அதுவரை கடனுக்கே கொடுப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அவர், எந்த வீட்டில் எவ்வளவு நிற்கிறது என்பதை அடுப்படிக் கதவுப் பலகையில் கரிக்கோடுகளாகக் கீறி வைத்திருந்தார். கட்டிய துணியோடு வெளிக்கிட்ட நாளில் அந்தக் கதவும் வீட்டோடு போயிற்று. மல்லாகத்தில் ஒரு காணியில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்தபோது, அந்தச் செம்மண் ஊர்களிலிருந்து ஒவ்வொருவராக அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எவ்வளவு தரவேண்டும் என்று அவருக்கே திடமாகத் தெரியாத நிலையில், தங்கள் நினைவில் இருந்த கணக்கைத் தாங்களே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காசில்லாதவர்கள் குரக்கனும் வெங்காயப் பிடியும் கொண்டுவந்தார்கள். பொருளாதாரத் தடையால் சவர்க்காரக் கட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே அலைந்த காலம் அது. ஏமாற்ற விரும்பியவர்களுக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திராது. கருவாட்டுக் கடனைத் தேடிவந்து கொடுத்த அந்த வீட்டார் அனைவருக்கும், அவர்களின் பிள்ளைகளுக்கும், காலம் தாழ்ந்த எங்கள் நன்றி உரியதாகுக.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் போருக்கு அஞ்சி வலிகாமப் பகுதியே திரண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, நாங்களும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குப் போனோம். மட்டுவிலில் ஒரு வீட்டார், ஏற்கெனவே பல குடும்பங்கள் நெருக்கியிருந்த தங்கள் விறாந்தையில் எங்களுக்கும் பாய் விரிக்க இடம் தந்தார்கள். அடுத்த ஆண்டு வலிகாமம் திரும்பும் வரை, தோட்டத்துக் கத்தரிக்காயையும் வீட்டு நெல்லையும் எங்கள் உலைக்கும் சேர்த்தே அளந்தார்கள். 2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்கு வந்து, அவர்கள் ஊரைவிட்டு வெளிக்கிட நேர்ந்தபோது, மல்லாகத்து முகாமில் இருந்த அம்மம்மாவின் ஒற்றை அறைக் கொட்டிலுக்கே வந்தார்கள். அவர் பிள்ளைகளை வெளியே படுக்கவைத்து அவர்களை உள்ளே படுக்கவைத்தார். அதைக் கைமாறு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்ன எங்களையும் அதட்டினார். இம்முறை மரணச் செய்தி கேட்டு, மட்டுவிலிலிருந்து முதற் பேருந்தில் வந்து இறங்கியவர்களும் அவர்களே.

இன்னும் ஒருவருக்கு நாங்கள் நன்றி சொல்லவேண்டும், மன்னிப்பும் கேட்கவேண்டும். மல்லாகத்தில் எங்கள் கொட்டில் நின்றது ஒரு தனியாரின் தோட்டக் காணி. சில மாதங்களுக்கென்று கேட்கப்பட்ட அந்த நிலத்தில் அவரால் இரண்டு தலைமுறைக் காலம் ஒரு வெங்காயக் கன்று நடமுடியவில்லை. தம் மகளுக்குச் சீதனமாக எழுதவும் முடியவில்லை. இடம்பெயர்ந்தோரின் துயரம் பற்றிக் கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. இடம் கொடுத்தவர்கள் இழந்ததைப் பற்றி, இடம் பெற்ற நாங்கள்கூட உரியவாறு பேசியதில்லை. அவர் ஒருமுறை முகாமுக்கு வந்து, எழும்பச் சொல்லவும் மனமில்லாமல், கிணற்றடியில் நின்று வாழைகளைப் பார்த்துவிட்டுப் போனதை அம்மம்மா திரும்பத் திரும்பச் சொல்லுவார். "அந்த மனிசன்ர காணியை நாங்கள் விட்டாத்தான் எங்கட காணி எங்களுக்குக் கிடைக்கும்" என்பது அவருடைய நம்பிக்கையாக இருந்தது. சட்டப்படி அதற்கு எந்தப் பொருளும் இல்லை. அந்தக் காணிக்காரர் காலமாகிவிட்டபடியால், அவருடைய குடும்பத்தார் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

27 ஆண்டுகளின் பின், 2017 யூலை 3ஆம் நாள் இராணுவத்தின் பிடியிலிருந்து துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கர் நிலம் விடப்பட்டபோது, எங்கள் வளவும் அதற்குள் இருந்தது. வீடு தரைமட்டமாகியிருந்தது, பற்றைக்குள் கிணறு மட்டும் நின்றது. பற்றை வெட்டியவர்கள், கிணறு இறைத்தவர்கள், எல்லையில் வழக்கு வராமல் நடுவில் நின்று கயிறு பிடித்த அயலவர், உறுதிப் பத்திரம் தொலைந்திருந்தும் எங்களை அலையவிடாமல் பதிவுகளைத் தேடித்தந்த கிராம அலுவலர் ஆகியோரால்தான், அம்மம்மா தம் சொந்த வளவில் கண்மூடினார். அவருடைய வயதையொத்த பலருக்கு அது வாய்க்கவில்லை.

கூழ் காய்ச்சிய கிடாரமும், இரண்டு நீத்துப்பெட்டிகளும், நீலக் கரையிட்ட பெரிய தாம்பாளம் ஒன்றும் உரியவர் கேட்டு வராமல் எங்கள் விறாந்தையில் இருக்கின்றன. தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் அடுத்த பங்குனி மாத அபரபக்கத் தசமித் திதியில் மயிலிட்டி இல்லத்தில் நடைபெறும். தனியே அழைப்பு அச்சிடப்போவதில்லை. இதனையே அழைப்பாக ஏற்று வந்து, மதியபோசனத்திலும் கலந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்
மயிலிட்டி