மணித்தாராவுக்கு 28 நாள் கணக்கு பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வேளாண் பக்கத்தில் புறக்கடை வாத்து வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தீனி, தண்ணீர் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 'வாத்து முட்டை 28 நாளில் பொரிக்கும்' என்ற வரிக்குப் பக்கத்தில் போட்டிருந்த படம், முகமெல்லாம் சிவப்பு மருவாக இருக்கும் மஸ்கோவி வாத்து. களியக்காவிளைப் பக்கம் நாங்கள் மணித்தாரா என்போம். தாரா என்றால் வாத்து. 28 நாள் என்பது வயலில் கூட்டமாக மேய்க்கிற நாட்டுத் தாராவின் கணக்கு. மணித்தாராவுக்கு 35 நாள் வேண்டும். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

ஏழு நாள் வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியலாம். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா 28 நாள் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தார்கள். நாள் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை. முப்பதாம் நாள், எல்லாம் கூமுட்டை என்று பெட்டையை விரட்டிவிட்டு முட்டைகளைத் தென்னை மூட்டில் கொட்டிவிட்டார்கள். உடைந்த ஓட்டுக்குள் மஞ்சள் தூவல் முளைத்த குஞ்சு, கால் விரல்கள் சவ்வோடு சேர்ந்து முழுசாக உருவாகி, அசைந்துகொண்டிருந்தது. "அய்யோ, உயிரு கிடக்குதே" என்று அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு குஞ்சு, விற்றிருந்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவுக்காவது ஆகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடைகாக்கும் நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் பலருக்குக் குழப்பம். முதல் முட்டை இட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. பெட்டை ஒரு டசன் முட்டை போலச் சேரும்வரை இட்டுவிட்டு இட்டுவிட்டு எழுந்து போகும். அதுவரை முட்டைக்குள் ஒன்றும் வளராது. பிறகு தன் நெஞ்சுத் தூவலைப் பிடுங்கி மெத்தைபோலப் பரப்பி, இரவும் பகலும் அதிலேயே உட்காரும். அன்றைக்குத்தான் முதல் நாள். சுவர்க் காலண்டரில் அன்றே குறித்து வைத்தால் போதும். பத்து நாள் கழிந்து இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால், உயிருள்ளதில் செந்நரம்பு ஓடுவது தெரியும். தெளிவாக இருந்தால் கூமுட்டை. இதைப் பார்க்க எதையும் உடைக்க வேண்டாம்.

அடையில் இருக்கும் பெட்டை தினம் ஒருமுறை இறங்கி வரும். ஆவென்று தின்னும், தண்ணீரில் முங்கும், ஈரத்தோடு திரும்பப் போய் உட்காரும். ஈரம் பட்டால் முட்டை கெட்டுவிடும் என்று விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விரட்டாதீர்கள். தாரா முட்டைக்கு அந்த ஈரப்பதம் வேண்டும். அப்போது அது போடும் எச்சம் ஒரு கைப்பிடி அளவு இருக்கும், நாற்றம் தாங்க முடியாது. கூட்டை அசுத்தப்படுத்தாமல் நாள் முழுக்க அடக்கி வைத்திருப்பதால்தான் அப்படி. நோய் என்று பயந்து மருந்து வாங்கிக் கொடுத்த வீடும் எனக்குத் தெரியும்.

கட்டுரையில் இன்னொரு வரியும் எனக்கு உடன்பாடில்லை. பறந்து போகாமலிருக்க இறகை வெட்டித் தரையில் அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மஸ்கோவி தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த இனம். அங்கே அது மரக்கிளையில் அடையும், மரப்பொந்தில் முட்டையிடும். காலைப் பிடித்துப் பாருங்கள், சவ்வு விரல் நுனியில் கூர்நகம் இருக்கும், நம் கையைக் கீறிவிடும். கிளையைப் பற்றத்தான் அந்த நகம். பொழுது சாய்ந்தால் பெட்டைகள் ஓட்டுக் கூரைக்கும் பலா மரத்துக்கும் ஏறுவது அதன் குணம். இறகை வெட்டிவிட்டால் அது இரவில் வெறும் தரையில் கிடக்கும். தெருநாய்க்கும் நரிக்கும் அதுதான் வசதி. அதற்காக மரத்திலேயே விட்டுவிடச் சொல்லவில்லை, மரநாய் மரம் ஏறும்.

என் வீட்டில் சாய்ப்புக்குள் (சரிவாகக் கூரை போட்ட கொட்டகை) மூன்றடி உயரத்தில் ரப்பர் மரப் பலகை ஒன்றைக் குறுக்கே அடித்திருக்கிறேன். நாலு விரல் அகலத்துக்கு மேல் இருக்கும். கோழிக்கு வைக்கிற மெல்லிய கம்பில் தாராக் கால் நிற்காது. ஆண் தாரா நாலைந்து கிலோ வரும், மேலிருந்து குதித்தால் கால் நொடிக்கும். அதனால் சரிவாக ஒரு பலகையும் சாத்தியிருக்கிறேன். சாயங்காலத் தீனி சாய்ப்புக்குள் மட்டும்தான். அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), தவிடு, கொஞ்சம் சோறு. தீனிக்காக உள்ளே வந்து பழகினால் அப்புறம் கூரை ஏறாது. வலைக் கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் வெயில் ஏறிய பிறகு திறப்பேன். பெரும்பாலும் விடிந்ததும் இட்டுவிடுவதால் முட்டை உள்ளேயே கிடைக்கும்.

முட்டையிட இடம் தேடும்போது பெட்டைக்கு இருட்டு வேண்டும். விறகு அடுக்கின் அடி, ஓலைக் குவியல், மோட்டார் அறை மூலை, இங்கெல்லாம் போய் ஒளித்து வைக்கும். பெட்டைக்கு ஒன்றாக மரப்பெட்டிகளை வாசல் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து, காய்ந்த வாழைச்சருகு போட்டால் அதிலேயே இடும். தனித்தனிப் பெட்டி இல்லாவிட்டால் இரண்டு பெட்டைகள் ஒரே கூட்டில் இட்டு இருபது முப்பது முட்டை சேர்ந்துவிடும், ஒன்றுக்கும் சரியாகச் சூடு கிடைக்காது. பதினைந்துக்கு மேல் வைக்காதீர்கள். சமையலுக்கு எடுக்கும்போதும் கூட்டைத் துடைத்து எடுக்காமல் ஒன்றிரண்டை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இடத்தை மாற்றிவிடும்.

கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு இந்த உள்ளடைப் பழக்கம் இன்னொரு வகையில் உதவும். 2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் எடத்துவாவிலும் செறுதனையிலும் தாராக்களுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பறவைகளை வெளியே விடாமல் வைக்க வேண்டும். பலா மர உச்சியில் அடைந்து பழகியதை அன்றைக்குப் பிடித்து இறக்க யாராலும் முடியாது.

எங்கள் ஊரில் இப்போது நாலைந்து வீடுகளில் மணித்தாரா அடையில் இருக்கிறது. அவர்களும் உங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே தயவுசெய்து இந்த வார வேளாண் பக்கத்திலேயே, மஸ்கோவிக்கு 35 நாள் என்று கண்ணில் படும்படி ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.