டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கவில்லை: நான்காவது புகார், இதற்காவது ஒரு ஆள் பதில் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வணக்கம்.

இது நான் அனுப்பும் நான்காவது மெயில். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்" என்று மெசேஜ் வந்ததே தவிர மனுஷர் யாரும் பேசவில்லை. வண்டி நம்பர், ஜாப் கார்டு நம்பர் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, மறுபடி என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் செய்த வண்டி, அதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி. மோட்டார் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. ஒரு கைப்பிடி, கதவுக்குள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டர், கண்ணாடி ஓடுவதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் பீடிங், அவ்வளவுதான். இதற்குத் திண்டுக்கல்லில் இருந்து மதுரையில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு நான்கு தடவை வந்து போயிருக்கிறேன், மொத்தம் 500 கிலோமீட்டருக்குக் குறையாது.

முதல் தடவை ஏதோ ஸ்பிரே அடித்து 650 ரூபாய் வாங்கினீர்கள், இரண்டு நாள் தாங்கியது. இரண்டாவது தடவை கதவைப் பிரித்துப் பார்த்து ரெகுலேட்டர் போய்விட்டது என்றீர்கள், பார்த்ததற்கே 450, அதுபோக அட்வான்ஸ் 1,500. ஒரு வாரத்தில் பார்ட் வந்துவிடும் என்றது மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் ஒருநாள் கொடைரோடு டோல்கேட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். என் ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகவில்லை, ஸ்டிக்கர் பழசு, அது உங்கள் தப்பில்லை. ஆனால் பூத்தில் இருப்பவரிடம் பேச எனக்குக் கண்ணாடி இறங்க வேண்டுமே. கதவைத் திறந்தால் சிமெண்டுத் திட்டில் இடிக்கிறது. ஒரு சாண் சந்து வழியாகக் கையை விட்டு, நான் கத்த, அவர் கத்த, பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடி நிற்க, கத்திரி வெயில் வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சம்பந்தி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் கேவலம்.

சரி, மூன்றாவது தடவைக்கு வருகிறேன். "பார்ட் வந்திருச்சு சார், காலைல 9 மணிக்கு வந்துருங்க" என்று போன் செய்ததே நீங்கள்தான். கடையை அடைத்துவிட்டு 8:45க்கே வந்து நின்றேன். பன்னிரண்டரை வரை உட்கார வைத்துவிட்டு ஒரு பையன் வந்து, "சார், வந்திருக்கிறது லெஃப்ட் சைடு ரெகுலேட்டர்" என்கிறான். வண்டி செய்கிற கம்பெனிக்கு வலது எது இடது எது என்று தெரியாதா? ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் கதவு! இதைக் கேட்டதற்கு உங்கள் சர்வீஸ் அட்வைசர், மூக்குக் கண்ணாடி போட்டவர், போனில் இருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "ஏசி இருக்குல்ல சார், கண்ணாடியை எதுக்கு இறக்கணும்? இந்தக் காலத்துல யார் கையால சுத்துறாங்க, பவர் விண்டோ மாத்திக்கோங்க." அப்படியானால் கைப்பிடி வைத்து ஏன் விற்றீர்கள்? அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பணம் போனால் போகட்டும், அவர் எனக்குப் போன் செய்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லை, பணமும் போகக் கூடாது.

நான்காவது தடவை புது ரெகுலேட்டர் போட்டு, அட்வான்ஸையும் சேர்த்து 2,780 பில். ஒன்பதாவது நாள் கண்ணாடி மறுபடி பாதியில் நின்றுவிட்டது.

அப்புறம்தான் எங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கைப்பிடிக்குப் பின்னால் விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்தார். லாடம் மாதிரி ஒரு சின்னக் கிளிப் தெறித்து விழுந்தது, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உங்கள் ஆட்கள் இதே இடத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைந்ததில் கதவின் உள்பக்க டோர் பேடில் மூன்று கீறல், போட்டோ இணைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் வராமல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழித்து அப்படியே சுருட்டி விட்டிருக்கிறீர்கள். போன வாரம் மழையில் மிதியடி ஏன் நனைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. "ரெகுலேட்டர்ல ஒண்ணும் இல்லண்ணே, பீடிங் மடங்கிக் கெடக்கு" என்று காட்டினார். முன் மூலையில் ரப்பர் கழன்று மடங்கிக் கண்ணாடியைக் கவ்விப் பிடித்திருந்தது. பீடிங்கும் கூலியும் சேர்த்து 380 ரூபாய், முக்கால் மணி நேரம். இப்போது ஒரு விரலால் சுற்றலாம்.

ஆக, எனக்கு நீங்கள் 3,880 ரூபாய் திருப்பித் தர வேண்டும். பெட்ரோல், டோல், நான்கு நாள் கடை அடைப்பு, மன உளைச்சல் எல்லாம் கணக்குப் போட்டால் 50,000 ரூபாய்க்குக் கீழே வராது, சம்பந்தி முன்னால் போன மானத்துக்குத் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறேன். இருந்தாலும் பேசித் தீர்க்கலாம் என்று பொறுமையாகத்தான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்வேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்தாயிற்று, என் வண்டி நான்கு லட்சத்துச் சொச்சம்தான்.

கழற்றி எடுத்த பழைய ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுங்கள், அது என் சாமான், நன்றாக இருந்த சாமான். தமிழ் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், மதியம் 2 மணிக்கு மேல். காலையில் கடையில் கூட்டம் இருக்கும்.